இடுப்புக்குள்ள ஒரு கொத்துன அம்மி

அதுதாம் பாரு அம்மணி, மூலை ஊட்டுக்காரி ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறா, எனக்கு இடுப்புல டீ கப்பு வெச்சுத் தெச்சுட்டாங்கன்னு. நீ குடிவந்து நாலு நாளுதான ஆகுது, நம்பிப்போடாத. உள்ள வெச்சது இரும்பாட்ட ஒரு தண்டு, அதும்மேல பீங்கானாட்ட ஒரு பூச்சு.

தொவைக்கற கல்லுகிட்ட வழுக்கி உழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சுபோச்சு. ஆப்பரேசனுக்கு முந்தி டாக்டரு அந்தத் தண்டுல ஒண்ணைக் கையில குடுத்தாரு. தடவிப் பாத்தேன். புதுசாக் கொத்துன அம்மியாட்டச் சொரசொரன்னு, பொடிப்பொடியா ஓட்டை. வழவழன்னு இழைச்சுத் தரக் கூடாதுங்களா, எலும்புல உறுத்தாதான்னு கேட்டேன்.

"வழவழன்னு இருந்தா நழுவிரும்ங்கம்மா. மொதல்ல இந்தச் சொரசொரப்புத்தான் எலும்பைப் புடிச்சு நிக்கும். அப்பறம் எலும்பே ஓட்டைக்குள்ளார வளந்து கவ்விக்கும். அதுவரைக்கும் அந்தக் காலுல பாரம் போடாதீங்க. தண்டு அசைஞ்சுபோச்சுன்னா மறுக்காத் தொறக்கோணும்."

தேஞ்ச அம்மியில மொளகா நிக்குமா? எனக்கு அதுக்குமேல வெளக்கம் வேண்டியிருக்கலை.

இருவது நாளு மருமக சொன்னபடி வாக்கரைப் புடிச்சே நடந்தேன். ஒரு நாளு அவளோட அம்மா, எங்க சம்பந்தியம்மா, அன்னூருல இருந்து என்னையப் பாக்க வந்தாங்க. ஊடு தேடி ஒறம்பரை வந்தா உக்காந்துட்டே வாங்கன்னு கேக்கறதா? காச்சல்ல கெடந்தப்பக்கூட நான் அப்படிச் செஞ்சதில்லை. வாக்கரை மறந்துபோட்டு எந்திரிச்சு, ரெண்டு காலையும் ஊனி, கையக் கும்பிட்டு "வாங்க"ன்னுட்டேன். சுருக்குன்னுச்சு.

மருமக ஓடியாந்து தாங்கி உக்கார வெச்சா. ஒடனே ஆட்டோவைக் கூப்புட்டா அம்மணி. ஆசுபத்திரி போற வழியெல்லாம் அவ என் கையை உடலை. மொத ஆப்பரேசனப்ப எனக்குத் தொணையா ஆசுபத்திரித் தரையிலதான் படுத்துக் கெடந்தா. மறுக்கா இவளை அங்க தரையில படுக்க வெச்சுப்போடுவமோன்னு எனக்கு ஒரே பயம்.

டாக்டரு எக்ஸ்ரேயை வெளிச்சத்துல புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. துளிக்கூட அசையலீங்க, நல்லாப் புடிச்சிருக்குதுன்னாரு. எதுக்கு எந்திரிச்சீங்கன்னு கேட்டாரு. சம்பந்தி வந்தாங்கன்னேன். அவரும் இந்தப் பக்கத்தாளு போல. மருமககிட்டத் திரும்பி, "ஒரு மாசத்துக்கு ஒறம்பரை யாரையும் உள்ள உடாதீங்க"ன்னாரு. அப்பத்தான் அவ என் கையை உட்டா.

அன்னையிலிருந்து சம்பந்தியம்மா வந்தா கேட்டுகிட்டயே நின்னு, "உக்காந்துதான இருக்கீங்க?"ன்னு சத்தம் போட்டுட்டுத்தான் உள்ள வாரது.

போன வாட்டி எடுத்த படத்துல எலும்பு உள்ளார வளந்துருச்சாம். இனித் தண்டு வருசக்கணக்கா ஒழைக்குமாம், எனக்கப்பறமும் கெடக்கும் போல.

அட, கொழாயில தண்ணி வந்துருச்சு. நீ எந்திரிக்காத அம்மணி, வந்தவ நீ. கொடத்தை நானே வெச்சுட்டு வாரேன்.