முருகன் முன்னால் நான் வைத்த இரண்டு பொட்டலங்கள்

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. போர்ட் பிளேரில் அரசு அலுவலகத்தின் ஸ்டோர் பிரிவில் இருபத்தைந்து வருடம் பில் சரிபார்த்தவனுக்கு, எதிரே வருகிற மனிதர் எல்லோரும் கொட்டேஷனாகத்தான் தெரிவார்கள். முருகனை மட்டும் சந்தேகித்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் அதுவும் பொய்யாகிவிட்டது. நம் கோயில் அன்பர்களிடம் சொல்லாமல் அதை யாரிடம் சொல்வது?

மே மாதம். என் மகள் கயல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு பளபளப்பான புத்தகத்தை என் முன் வைத்தாள். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். வன உயிர்ப் பாதுகாப்பில் பட்டப்படிப்பு. அட்டையில் ஒரு பெண் ஆமையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். ஆமை சிரிக்கவில்லை. அதற்குக் கட்டணம் தெரிந்திருக்கலாம்.

படிப்பும் விடுதியும் சேர்த்துப் பதினாறு லட்சம். வங்கி கடன் தரும், நான் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது. முடித்தவர்களுக்கு ஆண்டு வருமானம் 'எட்டு லட்சம் வரை' என்று போட்டிருந்தது. அந்த 'வரை'யை நான் டெண்டர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பூஜ்யமும் அடங்கும்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். எத்தனை பேருக்கு அந்தச் சம்பளம் என்று கேட்டேன். வானமே எல்லை என்றது ஓர் இனிய குரல். நான் வானத்தைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எல்லோர் மேலும் சந்தேகம். கல்லூரி மேல், வங்கி மேலாளரின் புன்னகை மேல், எட்டாம் வகுப்பிலிருந்து அலையாத்திக் காட்டு நண்டுகளை நோட்டில் எழுதிவரும் மகளின் ஆசை மேலும்கூட. சாப்பாடு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை.

என் மனைவி மங்கை பார்த்தாள். "பேனா ரீஃபில் வாங்கவே மூணு கொட்டேஷன் கேக்குற மனுஷன், இதுல முடிவெடுத்த மாதிரிதான். முருகன்கிட்ட பூ கேட்ருவோம்" என்றாள்.

அவள் பிறந்த ஊர் வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னிதியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். பூ வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அன்பர்களே, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்தேன்.

மறுப்பை முருகன் வாயால் சொல்ல வைத்துவிட்டால் நான் நல்ல அப்பாவாகவே இருக்கலாம் அல்லவா? வழக்கமாகச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அன்று குழந்தை யாரும் இல்லை. பூசாரி கயலையே எடுக்கச் சொன்னார். பிரித்தாள். சிவப்பு. மற்றதை நான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவள் அழவில்லை. "முருகனே சொல்லிட்டாருல்ல, விடுங்கப்பா" என்றாள். மறுநாளே வங்கித் தேர்வுப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். நண்டு நோட்டைப் பழைய பேப்பரோடு கட்டி வைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன். நாங்கள் இருக்கும் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ஆபீசுக்கு இறங்கும்போது, ஏதோ திருடிக்கொண்டு இறங்குவது போலவே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். பேரம் பேசவில்லை. "முருகா, உன்னிடம் கள்ளத்தனம் செய்தேன். எதையும் விற்க வராத ஓர் ஆளைக் காட்டு. அவர் வாயால் நிஜக் கணக்கைக் கேட்க வேண்டும். காட்டினால் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் நேர்மையான பிரார்த்தனை அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் ஸ்டாக் சரிபார்க்க வடக்கே உள்ள லாங் ஐலண்ட் தீவுக்கு அனுப்பினார்கள். திரும்பும் அன்று படகு தாமதம். படகுத்துறையில் ஒரு பெண் ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி, கடல்புல் கணக்கெடுக்கும் திட்டத்தில் ஒப்பந்த வேலை. எங்கே படித்தாய் என்று கேட்டேன். அந்தப் பளபளப்புப் புத்தகத்துக் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே சந்தேகமும் வந்தது, ஏஜெண்டாக இருப்பாளோ என்று. சம்பளம் என்ன என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"இருபத்தஞ்சாயிரம். எல்லாரும் சம்பளத்தத்தான் கேப்பாங்க அங்கிள், கடன் எவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்று போனை நீட்டினாள். மாதத் தவணை இருபத்திரண்டாயிரம். மிச்சம் மூவாயிரம். சாப்பாடு மட்டும் திட்டத்தின் செலவு.

என் மகளும் அதே கல்லூரிக்கு ஆசைப்பட்டதைச் சொல்லி, இந்த வேலைக்கு வந்தது தப்பா என்றேன்.

"வேலை தப்பில்ல. வந்த வழிதான் தப்பு. உங்க பிள்ளைய போர்ட் பிளேர் கவர்மெண்ட் காலேஜ்லயே விலங்கியல் சேருங்க. பெரிய படிப்ப என்ட்ரன்ஸ் எழுதி அரசு நிறுவனத்துல படிக்கட்டும். லீவுல இங்க அனுப்புங்க, பீச்ல நிக்கட்டும். கொசுக்கடி தாங்குறாளான்னு முதல்ல பாப்போம்."

போட்டிக்கு ஆள் வராமல் தடுக்கிறாளோ என்றும் நினைத்தேன். என்னைத் திருத்த முருகனுக்கே நேரம் ஆகும். அவளுடன் படித்த மூன்று பேரின் எண்களை வாங்கிப் பேசினேன். மூன்று பேரும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் சொன்னார்கள்.

வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து கயலை உட்கார வைத்துச் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் என்று.

"தெரியும்ப்பா" என்றாள்.

எப்படி என்றேன்.

"இந்தி பேசுற பூக்கார தாதா மறுநாளே சொன்னாரு. 'பாபா தோ ஸிர்ஃப் லால் லே கயே'ன்னு. நீங்க செவப்பு மட்டும் வாங்கிட்டுப் போனீங்களாமே."

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். உள்ளேயிருந்து மங்கைதான் சொன்னாள். "செவ்வாய் தவறாம வெளக்கு போடுறா, அப்பா தானா வந்து சொல்லணும்னு. நானும் உங்ககிட்ட மூச்சு விடல."

கயல் இப்போது இங்கேயே விலங்கியல் படிக்கிறாள். கடன் இல்லை. விடுமுறையில் லாங் ஐலண்ட் போய்க் கொசுக்கடி தாங்கிவிட்டு வந்தாள். நாளை என்ன சம்பாதிப்பாள் என்று எனக்குத் தெரியாது. எட்டு லட்சமும் இருக்கலாம், இருபத்தைந்தாயிரமும் இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு தூங்க முடிகிறது, அது எனக்குப் புதிது.

என் வேண்டுதல் பலித்த கதையாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் கோயிலுக்குத் தனியாகப் போன அந்தச் செவ்வாய்க்கு முன்பே அவள் இரண்டு செவ்வாய் விளக்கு ஏற்றியிருக்கிறாள். அப்படியென்றால் பலித்தது அவளுடையதுதான். நான் அதற்குக் கிடைத்த பதில்.

நம்பிக்கை குறைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் யாரோ உங்களைப் பற்றி முருகனிடம் பேசிக்கொண்டிருக்கலாம். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.