குளியலறைத் தேரை

மழை பிடித்துவிட்டால் காட்டூரில் தூங்க முடியாது. வயலில் மஞ்சள் பூத்த பெருந்தவளைகள் தொண்டை கிழியக் கத்தும். வாய்க்கால் ஓரத்துப் பச்சைத் தவளைகள் அதற்கு ஒத்து ஊதும். அவற்றோடு எனக்குப் பகை இல்லை. வம்பெல்லாம் எங்கள் குளியலறைத் தேரையால் வந்தது. சுண்ணாம்புச் சுவரின் நிறத்திலேயே, வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கத்தக்கூடச் சோம்பேறி.

அறுபதுகளின் தொடக்கம். என் மூத்த பெண்ணுக்கு ஒரு வயது இருக்கும். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் உடம்பு தேறவில்லை. விலா எலும்பு தெரிந்தது, தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. தேரை விழுந்துவிட்டது என்றார் என் மாமியார். தேரை தாண்டினால் குழந்தையும் அதைப்போலவே வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் குளிக்கும்போது குழந்தையை வாசலில் உட்கார வைத்தேனாம், அது தாண்டிவிட்டதாம். பார்க்க வந்த பெண்களும் குழந்தையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டியவர் பத்தியம் சொல்லிவிட்டுப் போனார். பால் கூடாது, பருப்பு கூடாது, கஞ்சித் தெளிவு மட்டும். எனக்கோ பால் வற்றியிருந்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தேரையைத் துடைப்பத்தால் கொல்லை வேலிவரை விரட்டுவது என் வேலை. காலையில் மறுபடியும் அண்டாவுக்குப் பின்னால் இருக்கும். ஒரு நாள் குழந்தை அழுவதை நிறுத்திக்கொண்டாள். பத்தியம் பிடிக்கிறது என்றார்கள். அழக்கூட அவளிடம் சக்தி இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அலுத்துப்போன உடம்பில் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, யாரிடமும் சொல்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தேரையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. குழந்தைக்குப் பசி."

நர்ஸ் கலக்கிக் கொடுத்த பாலை அங்கேயே உட்கார்ந்து புகட்டினேன். அவள் கரண்டியை ஈறால் கவ்விக்கொண்டு விட மறுத்தாள். நான் வாய்விட்டு அழுதேன்.

மாசி பிறப்பதற்குள் நடந்துவிட்டாள். "பாத்தியா, கயிறு வேலை செஞ்சிடுச்சு," என்றார் மாமியார். வாதாட எனக்குத் தெம்பில்லை. பாலை மட்டும் நிறுத்தவில்லை. தேரையை விரட்டுவதை விட்டுவிட்டேன். அண்டாவை நகர்த்தாமல், அதற்கு இடம் விட்டுக் குளித்தேன். அந்த வீட்டில் என்னைக் குறை சொல்லாத உயிர் அது ஒன்றுதான்.