பதினைந்து வரை எண்ணியவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். இது என் தங்கைக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆம்புலன்ஸ் வேலைக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறைதான் சான்றிதழ் வாங்கினாள். அதன் பிறகு ஒரு மாதம் வண்டியில் போய் வேலை செய்து காட்ட வேண்டும். சீனியரான டிரைவர் அண்ணன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அன்று கடைசி நாள். காலையிலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

மாலை 4:10. தையல்காரர் ஒருவர் மெஷின் மேலேயே சரிந்துவிட்டாராம். போய்ப் பார்த்தால் நாடி இல்லை. தூக்கி ஏற்றினார்கள். அண்ணன் ஸ்டியரிங்கில். பின்னால் அவளும் தையல்காரரும் மட்டும்.

நெஞ்சை முப்பது முறை அழுத்த வேண்டும். உடனே தலைப்பக்கம் போய், முகமூடியோடு இருக்கும் பையை அமுக்கி இரண்டு முறை காற்றுக் கொடுக்க வேண்டும். மறுபடி முப்பது. இரண்டு பேர் இருந்தால், ஒருவர் களைத்ததும் "மாத்து" என்று சொல்லி இடம் மாறிக்கொள்வார்கள். அவள் தனி ஆள். கை மரத்துப்போனது. விட்டால் மனிதர் போய்விடுவார். வேலையும் போய்விடும். அந்த நேரத்தில் வேலையை நினைத்ததற்குத் தன் மேலேயே எரிச்சல் வந்ததாம்.

4:23.

"மாத்து."

பெண் குரல். பழக்க தோஷம்... யோசிக்காமலே தலைப்பக்கம் நகர்ந்துவிட்டாள். முகமூடியைப் பிடிப்பவர் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இவளும் எடுக்கவில்லை. ஓரக்கண்ணில் இரண்டு கைகள் தெரிந்தன. கையுறை இல்லை. நகங்கள் நீலமாக இருந்தன.

"...பதிமூணு, பதினாலு, பதினஞ்சு."

நின்றது.

"முப்பது!" என்றாள் தங்கை.

"பதினஞ்சு. காத்து குடு."

கொடுத்தாள். மறுபடி எண்ணிக்கை. மறுபடி பதினைந்தில் நின்றது. சைரன் அலறிக்கொண்டே இருந்தது. வண்டி வழியில் எங்கேயும் நிற்கவில்லை...

அப்படியானால் அந்தப் பெண் எங்கே ஏறினாள்?

நிமிர முடியவில்லை.

4:29. ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறந்தது. நிமிர்ந்தாள்.

எதிரே யாருமில்லை.

தையல்காரருக்கு நாடி வந்திருந்தது.

"ஒத்த ஆளாவா சமாளிச்சே?" அண்ணன் கேட்டார்.

"ஆமாண்ணா."

காது தீயாய் எரிந்ததாம். உள்ளதைச் சொன்னால் பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையெழுத்து கிடைத்தது.

மறுநாள் மெல்ல விசாரித்தாள். "அண்ணா, பதினஞ்சு தடவை அழுத்திட்டுக் காத்து குடுக்குறது உண்டா?"

"அது பழைய முறை. மாத்தி இருபது வருஷம் ஆச்சு. உனக்கு யாரு சொன்னா?"



ஒன்பதாம் நாள் தையல்காரரைப் பார்க்கப் போனாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கூட இருந்த அந்தம்மா யாரும்மா? மேல இருந்து பாத்த மாதிரி எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. கைதான் என் நெஞ்சு மேல இருந்துச்சு... கண்ணு உன்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீ காத்து குடுத்தப்பல்லாம் என் நெஞ்சு ஏறி இறங்குச்சும்மா. கூடவே, அந்தம்மா நெஞ்சும்..."