வெயிலுக்கு வளைந்த வரிசை

போன மாதம் அக்கா மகன் என்னை நுவரெலியாவில் ஒரு புது ஹோட்டலுக்கு அழைத்துப் போனான். முன்மண்டபத்தின் மேற்குச் சுவர் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளையிட்ட ஜன்னல். "இஸ்லாமியக் கட்டடக்கலை மாமா, இப்ப இதுதான் புது டிசைன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுசாம்! இந்த ஜன்னல் எங்கள் லிந்துலையில் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்?

ஐம்பதுகளில், தேயிலைத் தோட்டத்து லய வீட்டைவிட்டு வந்து டவுனில் காதர் முதலாளியின் புடவைக்கடையில் சேர்ந்திருந்தேன். இன்றும் புதுத்துணியின் கஞ்சி வாசம் வந்தால், "சரியா மடிப்பா" என்று அவர் பக்கத்தில் நிற்பதுபோலவே இருக்கும். அவருடைய சொந்த ஊரான கீழக்கரைக்குப் போனவர்கள் கைலி கொண்டுவருவார்கள். முதலாளி ஓர் ஆசையைக் கொண்டுவந்தார். அங்கே பார்த்த மாதிரியே, புதிதாகக் கட்டிய எங்கள் டவுன் பள்ளிவாசலின் மேற்குச் சுவரில் துளை ஜன்னல் வைத்தார். கீழக்கரையில் அது கடல்காற்றுக்கு வழி. லிந்துலையில் மூடுபனி அல்லவா உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது!

"நெத்திய வச்சா பாயெல்லாம் ஈரம் மொதலாளி. காய்ச்சல் வந்தா நீங்களா கஞ்சி ஊத்துவீங்க?" என்றார் எங்கள் கடைத் தையல்காரர் ஹனீபா. தேயிலைப்பெட்டிப் பலகையை அடித்து ஜன்னலை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளியின் முகம் செத்துவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க. வெயில் வரட்டும். தரையில நட்சத்திரம் விழுறத ஒரு தடவ பாத்துட்டு அடைங்க."

வெள்ளிக்கிழமை வரை விட்டார்கள். அதன்பிறகு சேலை எடுக்க வருகிறவர்களிடம், "உங்க தோட்டத்துப் பக்கம் வெயிலா இருக்கா?" என்று கேட்பதே அவருக்கு வியாபாரமாகிவிட்டது. பாவமாக இருந்தது. அவருக்காக எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமியிடம் நானே வெயில் கேட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுகை நேரம். வெளி விறாந்தையில் பலகையும் சுத்தியலும் தயார். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். திடீரென்று பனி விலகியது. பாயின்மேல் சாய்வாக நட்சத்திரங்கள் விழுந்தன. அழகைப் பார்த்தார்களா என்கிறீர்கள்? வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் மெல்ல மெல்ல வெயிலுக்கு நகர்ந்தார்கள். நேராக இருந்த வரிசை அரிவாள்போல வளைந்தது.

தொழுகை நடத்தும் லெப்பை திரும்பிப் பார்த்தார். "வரிசைய நேராக்குங்க! தொழ வந்தீங்களா, குளிர்காய வந்தீங்களா?"

நட்டநடு நட்சத்திரத்தில் நின்ற ஹனீபா, "நான் நேராத்தான் நிக்கிறேன். மத்தவங்கள நகரச் சொல்லுங்க" என்றார்.

பலகை ஹனீபா வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போனது. முதலாளி கடைக்கு வந்து, காரணம் சொல்லாமல் எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

முதலாளி இன்று இல்லை. ஹனீபாவும் இல்லை. பள்ளிவாசலை இடித்துக் கட்டிவிட்டார்கள். அலுமினிய ஜன்னல், ஒரு பொட்டுப் பனி நுழையாது. ஹோட்டல்காரர்களும் கெட்டிக்காரர்கள், துளைக்குப் பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். வெயில் மட்டும் வந்து தரையில் விழுந்துகிடந்தது. எல்லோரும் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நட்சத்திரத்தில் போய் நின்றேன். கால் இதமாகத்தான் இருந்தது. இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்க ஒருவரும் இல்லை.