சத்தமாகச் சொன்ன மன்றாட்டு

கடந்த பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். ஓசூரில் எங்கள் தெருமுனையில் நிற்கும் கம்பெனி பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதில் போயிருக்க வேண்டிய பக்கத்து போர்ஷன் பெண் தெருவிலேயே நின்றிருந்தாள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை.

“ஏறாதன்னுட்டாங்கக்கா. புள்ளத்தாச்சிக்கு இங்க வேல இல்லியாம்” என்றாள். பிறகு, “யாரு சொல்லியிருப்பாங்க? உங்களத் தவிர இங்க ஒருத்தருக்கும் தெரியாதே” என்றாள். என்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

சாமல்பட்டிப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது. கணவன் சூளகிரியில் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். டிசம்பரில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. பொதுக் குழாயடியில் அவள் வாந்தி எடுத்ததைப் பார்த்துதான் எனக்கு விஷயம் தெரியும். மார்ச் முடியும்வரை வேலையில் இருந்துவிட்டால் இ.எஸ்.ஐ.யில் பேறுகால உதவி கிடைக்கும். அதற்குள் வெளியே தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா” என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். தினமும் கஞ்சி கொடுத்தேன், அவளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தேன். கிறிஸ்தவளாக நான் செய்ய வேண்டியதைச் செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தேவாலயப் பங்கில் புதன்கிழமைதோறும் அன்பியம் கூடும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் சேர்ந்து ஜெபிப்போம். வாசகம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொல்வார்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை வாசகம், அயலாரைத் தன்னைப்போல் நேசிப்பது பற்றியது. என் முறை வந்தபோது, வயிற்றில் பிள்ளையோடு நாளெல்லாம் நின்று வேலை செய்யும் ஓர் ஏழைப் பெண்ணுக்காக மன்றாடினேன். குரல் தழுதழுத்தது. பேர் சொல்லவில்லை; அது போதும் என்று நினைத்தேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகப் பதில் சொன்னார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சுண்டல் கொடுக்கும்போது ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்க பக்கத்து வூட்டுப் பொண்ணுதான டீச்சர்? எத்தன மாசம்?”

“நாலு” என்றேன்.

அவருடைய கணவர் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்; அவளை அனுப்பியதும் அவர்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பஸ் போன அந்தத் திங்கட்கிழமையே பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒப்பந்தக்காரரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்து, காபி கொடுத்தார்.

“டீச்சர், நீங்க அழுதுக்கிட்டே ஜெபம் பண்ணீங்கன்னு வூட்ல சொன்னா. அதக் கேட்டுட்டு நான் சும்மா இருந்தா பாவமில்லியா? நின்னு நின்னு அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“உட்கார்ந்து செய்யிற வேலையா மாத்திக் குடுங்கண்ணே. மார்ச் வரைக்கும் போதும்.”

“கான்ட்ராக்ட்ல அப்பிடி வேலையே கிடையாது டீச்சர். அந்த எடத்துக்கு ஆளும் போட்டாச்சு. கொழந்த பொறக்கட்டும், நானே கூப்ட்டுக்கிறேன்.”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. என் மன்றாட்டு பலித்துவிட்டதாகவே அவர் நம்பினார்.

அன்று மத்தியானம் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

“சாமிகிட்டதான சொன்னீங்க. சாமி யார்கிட்டயும் போய்ச் சொல்லியிருக்காது” என்றாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, “சொல்லணும்னு தோணுனா கதவச் சாத்திக்கிட்டுச் சொல்லியிருக்கலாமேக்கா” என்றாள்.

மாலையில் கஞ்சி கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்து, “சாப்ட்டேங்க” என்றாள். அதுவரை என்னை அக்கா என்று கூப்பிடாமல் அவள் பேசியதில்லை.

அடுத்த புதன்கிழமை அந்த ஒப்பந்தக்காரரின் மனைவி, அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று மன்றாடினார். எல்லோரும் பதில் சொன்னோம்.

அயலாருக்கு நன்மை செய்வது எனக்குச் சுலபமாக வந்தது. அவள் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டிருப்பது. அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.

மாதக் கடைசியில் அவளும் கணவனும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார்கள். ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுச் சொந்தக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.