புல்லில் முட்டையிடும் மீன்

போன மாதம், பௌர்ணமி கழிந்த சனிக்கிழமை காலை, வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய லின்ஃபீல்டில், கடலோடு கலக்கும் ஓடைக்கரையில் புல்வெட்டும் மெஷினோடு நின்றேன். நானாகப் போவேனா? "சும்மாதானே படுத்திருக்கீங்க, போய் ஓடையைக் காப்பாத்துங்க" என்று மனைவி அனுப்பிவைத்தார்.

ஓடையைக் காக்கும் தன்னார்வலர் குழுவுக்குத் தலைவி வசந்தி. யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ்.

"மேல நடைபாதைப் புல்லை வெட்டுங்கோ அண்ணை. கரையை வடிவாப் பாருங்கோ" என்றார்.

நான் மதுரைக்காரன். வடிவு என்றால் எனக்கு அழகு. விடுவேனா? கரைப்புல்லுக்கு ஒரு போலீஸ் கட்டிங் கொடுத்தேன்.

"ஐயோ அண்ணை! என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

"நீங்கதானே வடிவா பண்ணச் சொன்னீங்க!"

"கவனமாப் பாருங்கோ எண்டெல்லோ சொன்னனான்! உதுக்குள்ள முட்டை கிடக்குது!"

"கோழியா?" என்றேன். சத்தியமாகக் கேட்டேன்.

மீனாம்! இனாங்கா என்று விரல் நீள மீன். பௌர்ணமியன்று கடல் ஏறி, ஓடை பொங்கிக் கரைப்புல்லை மூடும்போது, புல்லின் அடியில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த பெரிய ஏற்றம் வந்து நனைத்துப் பொரிக்க வைக்கும்வரை, கசகசா அளவு முட்டைகள் அந்த ஈர நிழலில் காத்திருக்கும். நிழல் போனால்... வெயிலில் காய்ந்துவிடும்.

"எத்தினை வருஷமா இந்தப் புல்லை வளர்த்தனாங்கள். இப்பதான் முதல் தரம் முட்டை வந்தது" என்றார் வசந்தி, மெல்ல. திட்டியிருந்தால் தேவலை.

வெட்டிய புல்லையே வாரி மூடினோம். ஈரச் சாக்கு போட்டோம். மழை இல்லாத நாளெல்லாம் ஆபீஸ் முடிந்ததும் வாளியோடு போனேன். வெட்டிப் போட்ட புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிறவனைப் பார்த்து, வாக்கிங் வந்த ஒருவர் நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். நியாயம்தானே?

இந்தப் பௌர்ணமியும் வந்தது. விடிந்தும் விடியாத பனி. சாக்கை விலக்கிவிட்டு உட்கார்ந்தோம். கடல் சத்தமே இல்லாமல் ஓடைக்குள் ஏறி வந்தது — தூங்குகிற வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதுபோல. ஒவ்வொரு புல்லாக நனைந்தது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது? நானும் மிதப்பதுபோல் இருந்தது.

வசந்தி கரையில் குப்புறப் படுத்திருந்தார்.

"அண்ணை, அசையாதேங்கோ."

புல்லிடுக்கில் தலைமுடி மாதிரி ஏதோ நெளிந்தது. இரண்டு புள்ளிக் கண்கள். இன்னொன்று. இன்னும் சில...

"வந்திட்டினம்!" என்றார். விருந்தாளிகளைச் சொல்வதுபோல.

எல்லாம் பிழைக்கவில்லை. நான் மொட்டையடித்த இடத்தில் பாதிகூடத் தேறியிருக்காது. தேறியவை வடிந்த தண்ணீரோடு கடலுக்குப் போயின.

"வளர்ந்ததும் இங்கதானே திரும்பி வரும்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"சால்மன் எண்டா பிறந்த ஆத்தைத் தேடி வரும். இவைக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. எந்த ஆத்துத் தண்ணி நல்லா இருக்கோ, அங்க ஏறுவினம்."

ஆக, நாங்கள் காப்பாற்றியது யாரோ ஒருவரின் ஓடைக்குப் போகும். இங்கே ஏறப்போவது யாரோ காப்பாற்றியது.

விமானம் ஏறி வந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?