சீதனக் காணியும் குதிரைவீரனும்

ஆக்லாந்தின் மேற்கே போகும் ரயிலில் அடிக்கடி என் எதிரே உட்காருவார் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். தலையில் கம்பளித் தொப்பி, காலடியில் வீங்கிய துணிப்பை, மடியில் பழைய இங்கிலாந்தைப் பற்றிய தடித்த நூலகப் புத்தகம். அதிலுள்ள வரைபடத்தில், ஒரு குதிரைவீரனுக்குச் சொந்தமான கிராமங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டேன். "இவனோட நிலம் ஏன் அங்கிள் இப்படிச் சிதறிக் கிடக்கு?"

"கொஞ்சம் பிரபு குடுத்தது, கொஞ்சம் மனுசி கொண்டு வந்தது. எங்கட சீதனக் காணி மாதிரித்தான், தம்பி. ஒண்டு கிழக்க, ஒண்டு மேற்க."

"அப்புறம் எப்படி ஆண்டான்?"

"எங்க ஆண்டது? குதிரையில ஊர் ஊராப் போய்ச் சாப்பிட்டிட்டு வந்திருப்பான்."

சிரித்தேன். நியூ லின் வந்தது. பையோடு எழுந்தார்.

"இந்தக் கிழமை மூத்தவள் வீடு. அடுத்த கிழமை பிளாட் புஷ்ஷில மகன். பிறகு மங்கரேயில கடைக்குட்டி."

"உங்க வீடு எங்க, அங்கிள்?"

"அதை வித்துத்தானே மூண்டு பேருக்கும் வீடு வாங்கக் குடுத்தனான்."

உற்சாகமாகவே இறங்கிப் போனார். முதியோருக்குப் பயணம் இலவசம். குதிரைக்குத் தீனிச் செலவுகூட இல்லை. அந்தக் குதிரைவீரனுக்கு எந்த ஊரில் நல்ல தூக்கம் வந்திருக்கும்? அதை அவரிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.